விசை எங்கே படுகிறது

விருதுநகரில் இயற்பியல் வாத்தியாராக வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, கரும்பலகையில் எந்தப் பொருளையும் நான் புள்ளியாகத்தான் வரைந்துவந்தேன். லாரியும் புள்ளி, கிணற்று வாளியும் புள்ளி, சுவரில் சாய்த்து வைத்த ஏணியும் புள்ளி. புள்ளியிலிருந்து மேலே ஒரு அம்புக்குறி, கீழே ஒரு அம்புக்குறி. இரண்டும் சமமா? சமம். எதிரெதிரா? ஆமாம். அப்படியானால் நிகர விசை சுழி, பொருள் சமநிலையில் இருக்கிறது, அடுத்த கணக்கை எடு.

பாடப்புத்தகம் சொல்வது இரண்டு நிபந்தனைகள். பொருளின் மீது செயல்படும் விசைகள் எல்லாவற்றையும் கூட்டினால் சுழி வர வேண்டும். அந்த விசைகள் பொருளைத் திருப்பப் பார்க்கிற திருப்பு விசைகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் சுழி வர வேண்டும். முதல் நிபந்தனை நிறைவேறினால் பொருள் நகராது, இரண்டாவது நிறைவேறினால் சுழலாது. (ஏற்கெனவே ஒரே வேகத்தில் நேராகப் போய்க்கொண்டிருக்கும் பொருளும் சமநிலையில் இருப்பதுதான், அதைச் சொல்ல மட்டும் நான் மறந்ததில்லை, ஒரு மார்க் கேள்வியில் அடிக்கடி வரும்.) இரண்டாவது நிபந்தனையை ஒரு வரியில் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன். பரீட்சைக்கு அந்த ஒரு வரி போதும். பிள்ளைகளும் மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கினார்கள். தேர்ச்சி விகிதம் நன்றாக இருந்ததால் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

ஒரே ஒரு பையன் கேட்டான்.

பதினொன்றாம் வகுப்பு. சிவகாசிப் பக்கத்துக் கிராமம் அவனுக்கு; விருதுநகரில் சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தான். அம்மா ஒரு பட்டாசு ஆலையில் ராக்கெட்டுக்குக் குச்சி கட்டுகிற வேலை பார்த்தார். வகுப்பில் அதிகம் பேசாத பையன். ஒரு மாதத் தேர்வில் நான் இப்படியொரு கேள்வி கேட்டிருந்தேன்: ‘ஒரு பொருளின் மீது 10 நியூட்டன் அளவுள்ள இரு விசைகள் எதிரெதிர்த் திசைகளில் செயல்படுகின்றன. பொருள் சமநிலையில் உள்ளதா? காரணம் கூறுக.’ நான் எதிர்பார்த்த விடை: ஆம், நிகர விசை சுழி. வகுப்பு முழுக்க அதையே எழுதியிருந்தது. அவன் மட்டும், ‘சொல்ல முடியாது. விசைகள் பொருளில் எந்த இடத்தில் படுகின்றன என்று கேள்வியில் இல்லை’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் சுழி போட்டேன்.

விடைத்தாள் கொடுத்த அன்று மேசைக்கு வந்தான். என் மேசையில் கிடந்த மரஸ்கேலை நடுவில் தள்ளி வைத்து, ஒரு முனையில் ஒரு விரலும் மறு முனையில் ஒரு விரலும் வைத்தான். “சார், இத அங்கிட்டும் இத இங்கிட்டும் ஒரே மாதிரி தள்ளுனா சுத்துதுல்ல சார்?” என்று கேட்டுக்கொண்டே தள்ளினான். ஸ்கேல் இருந்த இடத்திலேயே அழகாகச் சுற்றியது.

எனக்கு அது தெரியாத விஷயமில்லை. அளவு சமமாக, திசை எதிராக, ஆனால் ஒரே கோட்டில் இல்லாமல் செயல்படும் இரு விசைகளுக்குப் புத்தகத்தில் இரட்டை என்று பெயர். தண்ணீர்க் குழாயைத் திருகுவதும் பஸ் டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவதும் இரட்டைதான். நிகர விசை சுழி, ஆனாலும் சுழலும். பையன் எழுதியது முழுக்கச் சரி, என் கேள்விதான் அரைகுறை. ஸ்கேல் சுற்றி நிற்பதற்குள் அது எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் நாற்பது ஜோடிக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. “அது வேற பாடம். கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதணும்” என்றேன்.

அவன் விடவில்லை. “எங்கம்மா கட்டுற ராக்கெட்டுலயும் அப்படித்தான் சார். குச்சி ஒடிஞ்சுட்டா, மருந்து அதேதான், தள்ளுறதும் அதேதான். ஆனா நேரா போகாது சார்…”

“பரீட்சை ஹால்ல ராக்கெட் விடப் போறியா?” என்று கேட்டேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவன் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். நான் அடுத்த பையனின் பெயரைக் கூப்பிட்டேன்.

அந்த வருஷமே பங்குனி வந்தது. விருதுநகர்க்காரர்களுக்குத் தீபாவளியை விடப் பெரியது பராசக்தி மாரியம்மன் கோவில் பங்குனிப் பொங்கல். வெளியூரில் கடை வைத்திருப்பவர்கள்கூடக் குடும்பத்தோடு ஊர் வந்து சேர்வார்கள். அதற்குள் வீட்டுக்கு வெள்ளையடித்தாக வேண்டும். எங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருகிறவர் என்னை விட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பழைய வீடு, உயரமான முன்கூடம். இரண்டு இரும்பு ட்ரம், அவற்றின் மேல் ஒரு 12 அடிப் பலகை, இதுதான் அவருடைய சாரம். பலகையின் இரண்டு முனைகளிலும் ட்ரம்மை வைத்திருந்தார். வலது பக்க ட்ரம் அடுப்படிக்குப் போகிற வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அம்மா இரண்டு தடவை சுற்றிக்கொண்டு போனதைப் பார்த்துவிட்டு, நானே அந்த ட்ரம்மை நாலு அடி உள்ளே உருட்டி வைத்தேன்.

அவர் தயங்கினார். “சார், அந்த முனை அந்தரத்துல நிக்குதே.”

“அண்ணே, பலகை முப்பது கிலோ, நீங்க அறுபது. ஒத்த ட்ரம்மே இத விட மூணு மடங்கு தாங்கும். இங்க ரெண்டு இருக்கு. கணக்கு சரியா இருக்கு, ஏறுங்க.”

வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஏறினார். அந்த நம்பிக்கையை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை.

இடது கோடியிலிருந்து அடித்துக்கொண்டு வந்தார். நான் சற்றுத் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சுண்ணாம்பில் நீலம் கலந்திருந்தார். மட்டை பட்ட இடமெல்லாம் முதலில் ஈரமாக மங்கித் தெரிந்து, காயக் காய வெளுத்துக்கொண்டு வந்தது. வாளியைப் பலகை மேல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, ஒரு எட்டு நகர்வார், வாளியை நகர்த்துவார், மறுபடி ஒரு எட்டு. வாசலுக்கு மேலே இருந்த மூலை மட்டும் பாக்கி. அதற்காக உள்ளே தள்ளியிருந்த ட்ரம்மைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. வாளியை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். மூலைக்கு மட்டை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

நான் தற்செயலாகத் தலையைத் தூக்கியபோது என் கண்ணில் பட்டது அவர் இல்லை, இடது பக்க ட்ரம். அதன் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவில் பின்னால் இருந்த சுவர் தெரிந்தது. புதிதாக வெள்ளையடித்த சுவர், ஒரு விரல்கடை அகலத்துக்கு. இது என்ன, இங்கே எப்படி இடைவெளி வந்தது என்று யோசித்தேன். யோசிக்க நேரம் இருந்தது போலத்தான் இப்போதும் தோன்றுகிறது. விரல்கடை ஒரு சாண் ஆனது. அதன் பிறகுதான் அவர் “சார்” என்று கத்தினது காதில் விழுந்தது. பலகையின் இடது முனை கூரையைப் பார்க்க எழும்பியது. வாளி, மட்டை, மனிதர் எல்லாம் வாசல்படியில்.

வலது கையை ஊன்றி விழுந்திருந்தார். மணிக்கட்டு பார்க்கும்போதே கோணலாகத் தெரிந்தது. முகமெல்லாம் சுண்ணாம்பு. அம்மா ஓடிவந்து கண்ணைக் கழுவிவிட்டாள். வலியைக் கடித்துக்கொண்டு அவர் முதலில் சொன்னது என்னைப் பற்றி இல்லை. “பின்பாரம் ஏறிருச்சு சார்” என்றார்.

இளவட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர் அவர். கரிசல் காட்டு ஊர்களிலிருந்து மிளகாய் வத்தலும் பருத்தியும் ஏற்றிக்கொண்டு விருதுநகர் மண்டிக்கு வருவார். மூட்டை ஏற்றும்போது வண்டிக்காரர்கள் பார்க்கிற முதல் காரியம் முன்பாரமா பின்பாரமா என்பது. அச்சுக்கு முன்னால் பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் கூடினால் நுகம் மேலே தூக்கும், கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். இரண்டிலும் வண்டியில் இருப்பது அதே பத்து மூட்டைதான், சக்கரங்கள் அதைத் தாங்கத்தான் செய்யும். மாட்டின் கழுத்துக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேக்குக் காத்திருந்த நேரத்தில் கையிலிருந்த ஓ.பி. சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். பலகை 12 அடி, எடை ஏறக்குறைய 30 கிலோ. நான் ட்ரம்மை நகர்த்தியதால் 4 அடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பலகையின் ஈர்ப்பு மையம் நடுவில், அதாவது அந்த ட்ரம்மின் விளிம்பிலிருந்து 2 அடி உள்ளே. 30ஐ 2ஆல் பெருக்கினால் 60. பலகையைக் கிடைமட்டமாக வைத்திருக்கப் பார்க்கும் திருப்பு விசை இவ்வளவுதான். 60 கிலோ மனிதர் விளிம்பிலிருந்து ஒரு அடி வெளியே நின்றால் அதுவும் 60. அதற்கு மேல் ஒரு அங்குலம்கூடத் தாங்காது. 10 கிலோ வாளியையும் அவரோடு சேர்த்தால் அந்த ஒரு அடியும் கிடையாது, 10 அங்குலம்தான். சீட்டில் எழுதி முடிக்க ஒரு நிமிஷம் ஆகவில்லை. அவர் ஏறுவதற்கு முன்னால் இந்த ஒரு நிமிஷத்தை நான் செலவழிக்கவில்லை.

என் பழைய கணக்கையும் பக்கத்திலேயே எழுதிப் பார்த்தேன். பலகை, மனிதர், வாளி, மொத்தம் 100 கிலோ கீழ்நோக்கி. ட்ரம் அத்தனையையும் மேல்நோக்கித் தாங்கியது, நசுங்கக்கூட இல்லை. கூட்டினால் சுழி. அந்தக் கணக்கில் எங்கே தேடினாலும் பிசகு கிடைக்காது. பலகை புரளாமல் இருந்திருக்க வேண்டுமென்றால் இடது பக்க ட்ரம் அதைக் கீழே பிடித்து இழுத்திருக்க வேண்டும். ட்ரம் தாங்கும், பிடித்து இழுக்காது. ஒரு கயிறு போட்டுப் பலகையை ட்ரம்மோடு கட்டியிருந்தால் கயிறு இழுத்திருக்கும்.

கோள்களைப் புள்ளிகளாக வைத்து நியூட்டன் கணக்குப் போட்டார், அது சரியாக வந்தது. சூரியன் அவ்வளவு தொலைவில் இருக்கும்போது பூமியின் இந்த முனை எது, அந்த முனை எது என்று பார்க்கத் தேவையில்லை. வீட்டுக்குள் இருக்கிற பலகைக்கு முனை இருக்கிறது. நியூட்டனுக்கு ஆயிரத்து எண்ணூறு வருஷங்களுக்கு மேல் முந்தியே ஆர்க்கிமிடீஸ் எடையோடு தூரத்தையும் சேர்த்துத்தான் நெம்புகோல் விதியைச் சொன்னார். புள்ளி அல்லாத திடப்பொருளுக்கு விசைக்கு ஒரு விதி, சுழற்சிக்குத் தனியாக ஒரு விதி என்று 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் பிரித்து வைத்தார். ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்று இவர்கள் யாரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிக்கொடுத்தது நான்.

எங்கள் அப்பா மண்டியில் எடை போடுகிறவர். சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு. புதுத் தராசு வந்தால் எடைக்கல்லை ஒரு தட்டிலும் சரக்கை மறு தட்டிலும் வைத்து நேர் பார்ப்பார். பிறகு தட்டு மாற்றி வைத்துப் பார்ப்பார். முள் இரண்டு தடவையும் நடுவில் நின்றால்தான் அந்தத் தராசைக் கையில் எடுப்பார். தராசுக்கோலின் ஒரு கை அரை விரல் நீளமாக இருந்தால் போதும், எடைகள் சமமில்லாமலே முள் நடுவில் நிற்கும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பி.எஸ்சி.யில் முதல் வகுப்பும் வாங்கியவன்.

அண்ணனுக்கு மாவுக்கட்டு போட்டார்கள், ஒன்றரை மாதம் கையை அசைக்கக் கூடாது என்றார்கள். வெள்ளையடிக்கிறவர்களுக்கு வருஷத்தில் நல்ல சம்பாத்தியமே தீபாவளி, பங்குனி இரண்டு சீசனில்தான். பங்குனி முழுக்கப் போயிற்று. அந்த நாள்களுக்கான கூலியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். நான்தான் ட்ரம்மை நகர்த்தினேன், நான்தான் ஏறச் சொன்னேன் என்று அவர் வீட்டுக்காரம்மாவிடம் நானே சொன்னேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, காபி கொடுத்தார். கட்டுப் பிரித்த பிறகும் மணிக்கட்டு முன்போல முழுசாகத் திரும்பவில்லை. குழாயைத் திருக இடது கைக்கு மாறிவிட்டார். மட்டை பிடிக்கிற வேகம் குறைந்துபோய், உயரமான வீடுகளை மகனிடம் விட்டுவிட்டார்.

பாடம் நடத்துவதை மாற்றிக்கொண்டேன். புள்ளியை விட்டுவிட்டேன். வகுப்புக்கே ஒரு பெஞ்சுப் பலகையும் இரண்டு செங்கல்லும் கொண்டுபோய், பையன்களையே முனையில் நிற்க வைத்துக் காட்டினேன். ஸ்கேலை இரண்டு விரலால் சுற்றிக் காட்டினேன். அந்தப் பையன் அப்போதும் இதே பள்ளிக்கூடத்தில்தான், பன்னிரண்டாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ‘போன வருஷம் இவன் எழுதினதுதான் சரி, நான்தான் தப்பாத் திருத்திட்டேன்’ என்று ஒரு வாக்கியம் அவன் வகுப்பில் சொல்லியிருந்தால் முடிந்துபோயிருக்கும். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஒரு வருஷத்தைக் கடத்தினேன். பலகை விஷயத்தில் நடந்தது அறியாமை என்றாவது வைத்துக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு சமாதானமும் இல்லை.

பல வருஷம் கழித்து, என் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்கச் சிவகாசி போனேன். 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கி வைத்ததில், தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது, இரண்டுக்கும் லேபிள் அடிக்க அச்சகங்கள் வந்தன; இன்று காலண்டரும் டைரியும் கல்யாணப் பத்திரிகையும் அந்த ஊரில் அடிக்காத நாளில்லை. நான் போன அச்சகத்தில் ஆஃப்செட் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றவன் திரும்பிப் பார்த்து, “சார், நல்லாருக்கீங்களா?” என்றான். மீசை வைத்திருந்தான். குரலில்தான் அடையாளம் தெரிந்தது.

டீக்கடையில் வைத்துச் சொன்னேன். அந்தக் கேள்வி, அவன் எழுதிய விடை, நான் போட்ட சுழி, பலகை, அண்ணனின் மணிக்கட்டு, எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டே இருந்தான்.

“ஞாபகம் இருக்கு சார்” என்றான். “அதுக்கப்புறம் நான் கிளாஸ்ல கை தூக்குனதில்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னான். எனக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சார்” என்றவன், கொஞ்ச நேரம் கழித்து, “அன்னைக்கு ஒண்ணு கேக்க வந்தேன் சார், அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சிட்டாங்க” என்றான்.

“இப்பக் கேளுப்பா.”

“ராக்கெட் குழாய்க்கு நட்ட நடுவுலயா குச்சி இருக்கு? பக்கத்துல ஒட்டிக் கட்டியிருக்காங்க. அப்ப தள்ளுற விசை ஒரு பக்கமாத்தான படுது. சுத்தத்தான செய்யணும்? எப்படி சார் நேரா போகுது?”

டீக்கடைக்காரரிடம் பழைய காலண்டர்த் தாள் ஒன்றை வாங்கி, பின்பக்கம் ராக்கெட்டை வரைந்தேன். குழாய், பக்கத்தில் குச்சி, இரண்டும் சேர்ந்ததற்கு ஈர்ப்பு மையம், குழாயின் நடுக்கோட்டை விட்டுச் சற்று விலகி. அவன் சொன்னது சரி: மருந்து தள்ளுகிற விசை ஈர்ப்பு மையத்தின் வழியாகப் போகவில்லை, ராக்கெட்டைத் திருப்பத்தான் பார்க்கும். ஆனால் குச்சி லேசு, அதனால் விலகல் கொஞ்சம்தான். ராக்கெட் கொஞ்சம் சாய்ந்த உடனே, பின்னால் நீண்டு கிடக்கும் குச்சியில் எதிர்க்காற்று பட்டு அதை மறுபக்கம் திருப்பும். இந்தத் திருப்பலும் அந்தத் திருப்பலும் சமமாகிற ஒரு சின்னச் சாய்வில் அது மேலே போகும். குச்சி ஒடிந்தால் காற்றுக்குப் பிடிமானம் போய்விடுகிறது. கிளம்பும்போது வேகம் இல்லை, காற்றின் உதவியும் இல்லை. அதற்காகத்தான் பாட்டிலில் சொருகி விடுகிறோம்.

அவன் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான். “அப்ப மேல வேகமா போய்க்கிட்டே இருக்கு, ஆனா சுத்தல. முதல் கண்டிஷன் இல்ல, ரெண்டாவது மட்டும் இருக்கு. ஸ்கேல்ல அது அப்படியே உல்ட்டா, இல்லையா சார்?”

“ஆமா.” அன்றைக்கு அந்த இரண்டையும் ஒரே மூச்சில் அவன் என் மேசைக்குக் கொண்டுவந்திருந்தான்.

“காத்தே இல்லாத எடத்துல விட்டா?”

“குட்டிக்கரணம் போடும்.”

“அப்ப இஸ்ரோ ராக்கெட்டு? அது காத்தையும் தாண்டித்தான போகுது. குச்சி கிடையாதே.”

அதில் எஞ்சினையே லேசாகத் திருப்புவார்கள் என்றேன். பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் நிலையில் இருக்கும் விகாஸ் எஞ்சின் அப்படித் திருப்பக்கூடியது. ராக்கெட் ஒரு பக்கம் சாய்ந்தால், தள்ளுகிற திசையைக் கொஞ்சம் மாற்றி நிமிர்த்திவிடும். நம் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில்தான் அந்த எஞ்சினை எரித்துச் சோதிக்கிறார்கள்.

“எரிஞ்சுக்கிட்டிருக்கிற எஞ்சின எப்படி சார் திருப்புறாங்க? எதைப் பிடிச்சு?”

அச்சகத்திலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். எழுந்தவன் காலண்டர்த் தாளை மடித்து எடுத்துக்கொண்டான். பத்திரிகை வாங்க அடுத்த வாரம் வருவேன், படத்தோடு வருகிறேன் என்று சொன்னேன்.